அண்ணனின் ரேடியோவும் விமான நிலையச் சோதனையும்

பொங்கல் விழாவன்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையன் பிளஸ் டூ முடித்தவன். அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி, உரிமமும் வாங்கி விட்டான். கோடை விடுமுறைக்கு மதுரையில் தாத்தா வீட்டுக்கு விமானத்தில் போகிறார்களாம். “அங்கிள், வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு போகலாமா? ஏர்போர்ட்டில் பிடுங்கிக் கொள்வார்களா?” என்று கேட்டான். பந்திக்கு அழைத்து விட்டார்கள். இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லி அனுப்பி விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நானே சூடுபட்டவன். சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை. ரேடியோவில் நாட்டம் இல்லாதவர்களுக்கும் இதில் ஒன்றிரண்டு விஷயம் பயன்படும். பவர் பேங்க் இல்லாத வீடு இன்று ஏது?

என்னை அறியாத புது அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. டிப்ளமா முடித்து 1979-ல் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். கரக்பூரிலும் கார்டன் ரீச்சிலுமாக 38 வருடம் கழித்து, 2017-ல் ஓய்வு பெற்று இங்கேயே தங்கி விட்டேன். அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ, என் அண்ணன் எனக்குத் தொற்ற வைத்த வியாதி. அவர் தந்தி இலாகாவில் இருந்தவர். சின்ன வயதில் எனக்கு மோர்ஸ் எழுத்துக்களை எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டித்தான் சொல்லிக் கொடுத்தார். 2013 ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையை மூடியபோது, “ஆபீஸில்தான் மூடினார்கள், என் வீட்டில் மூடவில்லை” என்று சொல்லி, அன்றிரவும் தன் செட்டில் தட்டிக் கொண்டிருந்தார்.

ஹாம் என்பது சட்டப்படியான பொழுதுபோக்கு. 12 வயது நிறைந்தவர் யாரும் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதலாம். தேறினால் உரிமமும் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறியும் கிடைக்கும். அந்த உரிமம் இல்லாதவர் ரேடியோ அலைகளை அனுப்பும் கருவியை இயக்கக் கூடாது. வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்து 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை இந்த ஒரு விஷயத்தில் மாற்றம் இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு.

2023 நவம்பரில் அண்ணன் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இத நீங்கதான் கொண்டு போவணும். பழைய இரும்புக்காரன் கையில போச்சின்னா அவுஹளுக்குப் பொறுக்காது” என்று அண்ணனின் செட்டைக் காட்டினார். மதினி சட்டம் படித்தவரல்ல. ஆனாலும் சட்டப்படியே பேசினார். அந்த வீட்டில் அண்ணனைத் தவிர உரிமம் உள்ளவர் யாருமில்லை. உரிமம் உள்ள இன்னொருவரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். அது நான்தான்.

செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம் நண்பர், நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் சாமான்களை வைத்தே எவரும் செய்து கொள்ளும்படி ‘பிட்எக்ஸ்’ என்று ஒரு சர்க்யூட் வடிவமைத்து உலகுக்கே இலவசமாகக் கொடுத்தார். அதில் காயில் சுற்ற விலையுயர்ந்த வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரிலேயே சுற்றிக் கொள்ளலாம். அண்ணன் அதை 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, தச்சரிடம் சொல்லி பிளைவுட் பெட்டி அடித்து அதற்குள் பொருத்தியிருந்தார். மூடியை ஆணி அடித்து இறுக்கியிருந்தார். கூடவே 1979-ல் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பித்தளை மோர்ஸ் சாவி. யு.பி.எஸ்.ஸில் போடுகிற 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று.

ரயிலில் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பாஸ் இருக்கிறது, பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி விட்டு வந்திருப்பேன். ஆனால் என் மனைவிக்கு அப்போது முழங்கால் வலி. மகள் விமான டிக்கெட் எடுத்து அனுப்பி விட்டாள். ரயில்வேக்காரனுக்கு விமானம் என்றால் மாமியார் வீடு மாதிரிதான். மரியாதை உண்டு, சுதந்திரம் கிடையாது.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். பிளைவுட் பெட்டியை வேட்டியில் சுற்றி, சூட்கேஸ் நடுவில் வைத்தேன். பக்கத்தில் பேட்டரி. ஆடாமல் இருக்க இருபுறமும் மதினி கொடுத்த அல்வா, அரைக் கிலோ பொட்டலமாக நாலு. மேலே சாவியும் ஒயர்ச் சுருளும். பூட்டி, செக்-இன் சாமானாகப் போட்டு விட்டு, நிம்மதியாகக் காப்பி குடித்துக் கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது.

உள்ளே ஒரு சிறிய அறை. திரையில் என் சூட்கேஸின் எக்ஸ்ரே படம். அதைப் பார்த்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. காரணத்தைச் சொல்கிறேன். விமான நிலைய எக்ஸ்ரே இரண்டு வித சக்தியுள்ள கதிர்களைச் செலுத்தி, பொருளின் தன்மைக்கேற்ப நிறம் காட்டுகிறது. இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள் நீலம். மரம், துணி, காகிதம், உணவு முதலியவை ஆரஞ்சு. இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. வெடிமருந்தும் ஆரஞ்சு வகையில்தான் வரும். என் படத்தில் என்ன தெரிந்தது? கனமான நாலு ஆரஞ்சுக் கட்டிகள் (அல்வா). நடுவே ஆரஞ்சுப் பெட்டிக்குள் ஒயர்களும் சர்க்யூட் போர்டும். பிளாஸ்டிக் வாஷர் அவ்வளவாகத் தெரியாததால் அந்தரத்தில் தொங்குவது போலச் செம்புச் சுருள்கள். ஓரத்தில் கதிர் ஊடுருவாத கறுப்புக் கட்டியாக ஈய பேட்டரி. குண்டு எப்படி இருக்கும் என்று பாடம் நடத்த ஒரு படம் வரைந்தால் இப்படித்தான் வரைவார்கள்.

அங்கே நின்றவர் ஹிந்திக்காரர். பொறுமையாகத்தான் கேட்டார். நான்தான் பதற்றத்தில், “இதில் பாம் கீம் ஒன்றும் இல்லை” என்று ஹிந்தியில் சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு சொல் போதும். உடனே மேலதிகாரி வந்தார், இன்னும் இருவர் வந்தார்கள். மறுத்துச் சொன்னாலும், வேடிக்கைக்குச் சொன்னாலும் விமான நிலையத்தில் அந்தச் சொல்லை வாயில் கொண்டு வரக் கூடாது. குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அதிகாரி உரிமத்தைக் கேட்டார். என் உரிமம் கொல்கத்தா வீட்டில் பீரோவில். செட்டோ இறந்து போனவருடையது. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். ஆணி அடித்த மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் கூட இல்லை. ரயில்வேயில் 38 வருடம் டெலிகாம் பார்த்தவன் என்று குரலை உயர்த்தினேன். அவர் கேட்டது அதுவல்லவே! விமானம் கிளம்ப முக்கால் மணி நேரம் இருந்தது. “சாமானை வெளியே யாரிடமாவது கொடுத்து விடுங்கள், அல்லது நீங்கள் பயணத்தை விடுங்கள்” என்றார். கொண்டு வந்து விட்ட அண்ணன் மகன் பாதி வழி போயிருந்தான். போன் போட்டு, திரும்பி வரச் செய்து, வாசலில் அவன் கையில் பெட்டியைக் கொடுத்தேன். “விடுங்க சித்தப்பா, நான் பத்திரமா வச்சிருக்கேன்” என்றான். அன்று அல்வா மட்டும்தான் கொல்கத்தா வந்தது. இரவு மதினி போனில், “ஏன் தம்பி, பெட்டியில என்ன குத்தம்னு சொல்லுதாவ?” என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அன்று கோபம்தான் இருந்தது. பிறகு ஆற அமர யோசித்ததில், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது புரிந்தது. 1985 ஜூன் 23 அன்று ‘கனிஷ்கா’ விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் மாண்டார்கள். அதே நாளில் ஜப்பான் நரிதா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அங்கே பொறுக்கிய துண்டுகளிலிருந்து, குண்டு ஒரு ஸ்டீரியோ ட்யூனருக்குள் இருந்தது தெரிய வந்தது. 1987 நவம்பரில் கொரிய விமானம் ஒன்று, குண்டு ரேடியோவுக்குள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தில் லாக்கர்பி, 270 பேர், குண்டு ரேடியோ கேசட் பெட்டிக்குள். நம் நாட்டில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரலில் தனித் துறையானதே கனிஷ்கா துயரத்தின் விளைவுதான். 1999 டிசம்பர் கந்தஹார் கடத்தலுக்குப் பின் 2000-லிருந்து மத்திய தொழிற் பாதுகாப்புப் படை விமான நிலையங்களுக்கு வந்தது. 2024 செப்டம்பர் 18 அன்று லெபனானில் வாக்கி டாக்கிகளே வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் பிறகு, ரேடியோப் பெட்டியைக் கண்டதும் ஒரு காவலர் நின்று பார்க்காவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

நிற்க. இனி பேட்டரி. இதுதான் எல்லோருக்கும் வேண்டிய பகுதி.

லித்தியம் பேட்டரி உள்ளே பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கி, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவும். சரக்கு அறையில் உள்ள தீயணைப்பு வாயு சாதாரண நெருப்பை அமுக்கும். இதை அமுக்குவது கடினம். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் ஒரு சரக்கு விமானம் லித்தியம் பேட்டரிச் சரக்கில் பிடித்த தீயால் விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். பயணிகள் பகுதியில் புகைந்தால் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். அதனால்தான் தனியாக உள்ள லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடக் கூடாது என்கிறார்கள். பலர் நேர்மாறாக, ‘எதற்கு வம்பு’ என்று சூட்கேஸில் போட்டு விட்டுப் பெயர் அழைக்கப்பட்டு ஓடுகிறார்கள்.

எவ்வளவு கொண்டு போகலாம் என்பதை வாட்-மணியில் கணக்கிடுகிறார்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 100 வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும், அதுவும் உபரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் பயணிக்கு அனுமதியே இல்லை. நம் பையனின் வாக்கி டாக்கி பேட்டரி 7.4 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் சுமார் 13 வாட்-மணி, கவலையே வேண்டாம். பவர் பேங்கில் 20,000 என்று போட்டிருந்தால், அதை 3.7 வோல்ட்டில் கணக்கிட வேண்டும், 74 வரும். 30,000 என்றால் 111. கேட்காமல் கொண்டு போகக் கூடாது. எழுத்து அழிந்து போன பேட்டரியை வீட்டிலேயே வைத்து விடுங்கள், கணக்கை நிரூபிக்க முடியாது. உபரி பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சாவிக்கொத்தும் பேட்டரியும் ஒரே பையில் கிடந்தால் என்ன ஆகும் என்று எலக்ட்ரிகல் படிக்காதவருக்கும் தெரியும்.

அண்ணனின் ஈய பேட்டரி 12-ஐ 7-ஆல் பெருக்க 84 வாட்-மணி. கசியாத வகையானால், 12 வோல்ட், 100 வாட்-மணிக்குள் சர்வதேச விதியில் இடமுண்டு. ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஈயக் கட்டியை எக்ஸ்ரே முன் வைத்துக் கொண்டு விதிப் புத்தகம் பேசுவது புத்திசாலித்தனம் அல்ல என்பது என் அபிப்பிராயம். போகிற ஊரில் ஒன்று வாங்குவது மலிவு.

2024 ஏப்ரலில் மறுபடி ஊருக்குப் போனேன், இந்த முறை அந்தப் பெட்டிக்காகவே. முதலில் ஆணிகளைப் பிடுங்கி, மூடிக்குக் கையால் திருகும் விங் நட் நாலு போட்டேன். கருவி எதுவும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் திறக்கும். பேட்டரி ஒயர்களைக் கழற்றினேன். பேட்டரியை அண்ணன் மகன் தன் யு.பி.எஸ்.ஸுக்கு எடுத்துக் கொண்டான். பித்தளைச் சாவி, ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் மூன்றும் செக்-இன் சூட்கேஸில். ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் விடமாட்டார்கள். செட்டை மட்டும் கைப்பையில், எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக எடுத்து ட்ரேயில் வைக்கும்படி வைத்தேன். கைப்பைக்கு உள்நாட்டில் பெரும்பாலும் 7 கிலோதான் கணக்கு. செட் இரண்டு கிலோவுக்குள் அடங்கியது. கைப்பையில் வைப்பதன் பெரிய லாபம், பெட்டியைத் திறக்கும்போது நாம் பக்கத்தில் இருப்போம். சரக்கில் போனால் நாம் இல்லாத இடத்தில் அந்தப் படத்தை யாரோ பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

காகிதங்கள்: என் உரிமத்தின் அசலும் இரண்டு நகலும். அண்ணனின் உரிம நகல், இறப்புச் சான்றிதழ். மதினி கையெழுத்திட்ட ஒரு கடிதம், ‘என் கணவர் செய்த இந்த ரேடியோவை உரிமம் பெற்ற அவர் தம்பியிடம் ஒப்படைக்கிறேன்’ என்று. கூட நானே ஒரே பக்கத்தில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதியது: இது என்ன, உள்ளே பேட்டரி இல்லை, எந்தப் பயணத்தில் எங்கே போகிறது. மூடி திறந்த நிலையில் ஒரு போட்டோவும் அதில் ஒட்டினேன். கடைச் சரக்கு என்றால் கம்பெனிப் பெயரும் மாடலும் வரிசை எண்ணும் எழுதினால் போதும். வீட்டில் செய்ததற்கு இந்த போட்டோதான் ஜாதகம்.

அதே விமான நிலையம். இரண்டரை மணி நேரம் முன்னதாகவே போய் விட்டேன். எக்ஸ்ரேவுக்கு முன்பே, “இதில் ஹாம் ரேடியோ இருக்கிறது, உரிமம் இருக்கிறது, திறந்து காட்டுகிறேன்” என்று நானாகச் சொன்னேன். பெல்ட் நின்றது. ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். விங் நட்டைத் திருகி மூடியை எடுத்தேன். ஒரு துண்டுத் துணியால் பெட்டியைத் துடைத்து மெஷினில் வைத்தார். வெடிமருந்துத் துகள் ஒட்டியிருந்தால் அது காட்டிக் கொடுக்கும். பச்சை விளக்கு எரிந்தது. காயில்களைக் காட்டி என்ன என்றார். குழாய் வாஷர் என்றேன். நம்பாமல் குனிந்து பார்த்தார். பிறகு கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, இறப்புச் சான்றிதழுக்கு வந்ததும், “இவர் உங்களுக்கு?” என்றார். “அண்ணன்” என்றேன். ஒரு நோட்டில் என் பெயரையும் உரிம எண்ணையும் எழுதிக் கொண்டு, மூடியை அவரே திருகிக் கொடுத்தார். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அல்வா? அதுவும் வந்தது, ரேடியோவுக்கு எட்டாத தூரத்தில், சூட்கேஸில்.

வாக்கி டாக்கிக்கு இன்னும் சில. செட்டை அணைத்து, ஆன்டெனாவைக் கழற்றி வையுங்கள். விமான நிலையத்துக்குள்ளோ விமானத்திலோ நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆன் செய்யாதீர்கள். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் அலைவரிசை. சில செட்களில் அது கேட்கவும் கேட்கும். அங்கே உட்கார்ந்து அதைக் கேட்பவரைக் காவலர் ரேடியோ ரசிகர் என்று நினைக்க மாட்டார். எல்லாம் செய்த பிறகும் அங்கே இருக்கும் அதிகாரி மறுத்தால் மறுத்ததுதான். அவருக்கு அந்த உரிமை உண்டு. அதனால் வழியனுப்ப வந்தவரை, நீங்கள் உள்ளே போய்ச் சேரும் வரை வாசலிலேயே இருக்கச் சொல்லுங்கள். நான் காசு கொடுத்துக் கற்ற பாடம் இது.

வெளிநாட்டுப் பயணம் வேறு கதை. நம் வி.யு. உரிமம் நம் எல்லைக்குள்தான் செல்லும்; போகிற நாட்டின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். லெபனான் சம்பவத்துக்குப் பின் 2024 அக்டோபரில் எமிரேட்ஸ் விமானக் கம்பெனி துபாய் வழியாகச் செல்லும் பயணிகள் பேஜரும் வாக்கி டாக்கியும் கொண்டு வரக் கூடாது என்று அறிவித்தது. ஆகையால் நடுவில் மாறும் விமான நிலையத்தின் விதியையும் கேட்டுக் கொள்ளுங்கள். அங்கிருந்து மருமகன் வாங்கி வரும் மலிவு வாக்கி டாக்கிக்கு இங்கே சுங்கத்தில் உரிமம் கேட்பார்கள். சாட்டிலைட் போனை மட்டும் யாரும் தெரியாத்தனமாகக் கொண்டு வந்து விடாதீர்கள். அனுமதியின்றி அதை வைத்திருந்ததற்காக நம் விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் கைதே ஆகியிருக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லைப்பட்டு ஏன் சுமக்க வேண்டும் என்று என் மனைவியே கேட்டதுண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் ஹாம் குழுவுடன் போர்ட் பிளேரில் செட் வைத்திருந்தார். உலகெங்குமுள்ள ஹாம்களுடன் பேசத்தான் போனார்கள். 26-ம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் செயலிழந்தபோது, அந்தமானிலிருந்து செய்தி வெளியே வர அந்த செட்கள்தான் உதவின. இங்கே எத்தனையோ பேர் உறவினரைப் பற்றித் தகவல் தெரியாமல் தவித்த நாட்கள் அவை. அப்போது நான் கரக்பூரில் இரவெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தேன்; தெற்கே அண்ணனும் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணனின் செட் இப்போது என் மேஜையில். சூடேறும் வரை முதல் பத்து நிமிடம் அலைவரிசை நகர்ந்து கொண்டே இருக்கும். அவர் டயலில் பென்சிலால் போட்ட கோடுகளைப் பார்த்துத்தான் சரி செய்கிறேன். முதல் நாள் போனைப் பக்கத்தில் வைத்து மதினிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். “அதே இரைச்சல்தான்” என்றார்.

பையனுக்கு அந்த ஒரு பக்கக் கடிதத்தின் நகலைக் கொடுத்து விட்டேன். வேறு யாருக்காவது வேண்டுமானால், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க நூலகத்தில் இருப்பேன்.